பரிசு பெற்ற அமைதி: தொடக்ககால அனைத்துலக அமைதி அமைப்புகளும் நோபல் பரிசும் - ஒரு மறுநோக்கு

முன்னுரை

உலக அமைதி என்னும் பொருளில் எழுதப் புகும் தமிழ்க் கட்டுரையாளர் கணியன் பூங்குன்றனாரின் புறப்பாடலிலிருந்து தொடங்குவது நம்மிடையே நிலைபெற்ற வழக்கம். இக்கட்டுரை அவ்வழக்கத்தினின்று விலகுகின்றது. அப்பாடலின் பெருமையை நாம் மறுக்கவில்லை. எனினும், 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் அமைதிக்கெனத் தோன்றிய அமைப்புகளையும் அவற்றுக்குக் கிட்டிய பரிசுகளையும் அவற்றின் சொந்தச் சூழலில் வைத்துக் காண்பதே முறை எனக் கருதுகின்றோம்.

நம் வகுப்பறைகளில் அமைதிக்கான நோபல் பரிசு பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே அறிமுகமாகின்றது. ஆண்டு, பெயர், நாடு என்னும் மூன்று கட்டங்கள். அவற்றுள் தனிமனிதர் பெயர்களுக்கு இடையே ஆங்காங்கே ஓர் அமைப்பின் பெயர். 1904இல் அனைத்துலகச் சட்டக் கழகம், 1910இல் நிலையான அனைத்துலக அமைதிப் பணியகம், 1917இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் அனைத்துலகக் குழு. புதிர்ப்போட்டிக்கு ஆயத்தமாகும் மாணவர் இவற்றை மனப்பாடம் செய்வர். அவ்வமைப்புகள் என்ன செய்தன, எவரால் தேர்ந்தெடுக்கப்பட்டன என்னும் வினாக்களை அவர்கள் எழுப்புவதில்லை. நாமும் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

ஒரு பரிசு ஏற்கெனவே நிகழ்ந்துவந்த நற்பணிக்கு ஒளியூட்டுவதோடு நின்றுவிடுகின்றதா? அன்றி, எதனை அப்பணி எனக் கொள்வது என்பதையும் அது வரையறுக்கின்றதா? முதல் உலகப் போருக்கு முந்தைய பரிசுகளை நோக்கும்போது இரண்டாவது விடையே பொருத்தமாகத் தோன்றுகின்றது. அவ்வாறு வரையறுக்கப்பட்ட அமைதிக்குள் நாம் வாழும் இவ்வட்டாரம் இடம்பெறவில்லை என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

சங்கத்திலிருந்து பணியகத்திற்கு

1815இல் நியூயார்க்கிலும் 1816இல் லண்டனிலும் அமைதிச் சங்கங்கள் தோன்றின. நெப்போலியனின் போர்கள் ஓய்ந்த காலம் அது. லண்டன் சங்கத்தை நிறுவியோருள் முதன்மையானவர்கள் குவேக்கர்கள். படைக்கலம் ஏந்துதல் எந்நிலையிலும் தகாது என்னும் சமயக் கொள்கையினர் அவர்கள். 1843இல் லண்டனில் முதல் பொது அமைதி மாநாடு கூடியது. 1849இல் பாரிஸில் கூடிய மாநாட்டிற்கு விக்டர் ஹியூகோ தலைமை வகித்தார். 1853இல் மூண்ட கிரிமியப் போர் இம்முயற்சிகளைப் பெரிதும் தளர்த்தியது.

1860களின் பிற்பகுதியிலிருந்து இயக்கத்தின் தன்மை மாறியது. சமய உணர்வின் இடத்தைச் சட்டமும் நாடாளுமன்றமும் பற்றிக்கொண்டன. 1873இல் கென்ட் நகரில் 11 சட்ட அறிஞர்கள் கூடி அனைத்துலகச் சட்டக் கழகத்தை நிறுவினர். 1889இல் பாரிஸில், பிரெஞ்சுப் பொருளியலறிஞர் பிரெடரிக் பாசியும் ஆங்கிலேய நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ராண்டல் கிரீமரும் முன்னின்று நாடாளுமன்றங்களிடை மாநாட்டைத் தொடங்கினர். கிரீமர் தச்சுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர் என்பது குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டில் அதே நகரில் முதல் உலக அமைதி மாநாடும் கூடியது. 1891இல் ரோம் நகரில் கூடிய மூன்றாம் மாநாடு, டென்மார்க்கைச் சேர்ந்த பிரெட்ரிக் பாயரின் முயற்சியால், நிலையான அனைத்துலக அமைதிப் பணியகத்தை நிறுவ முடிவு செய்தது. அது சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அமைந்தது.

இப்பணியகத்தின் முதல் செயலாளர் எலீ டுக்கோமன். ஓர் இருப்புப்பாதை நிறுவனத்தில் தலைமைச் செயலாளராகப் பணியாற்றிய அவர், எஞ்சிய நேரத்தில் அமைதிப் பணியகத்தை ஊதியமின்றி நடத்தினார். வெவ்வேறு நாட்டுச் சங்கங்களுக்குக் கடிதம் எழுதுதல், மாநாட்டு நிகழ்ச்சிநிரலை வகுத்தல், தீர்மானங்களைத் தொகுத்து அரசுகளுக்கு அனுப்புதல், மாதம் இருமுறை செய்தி மடல் வெளியிடுதல் ஆகியவை அவர்தம் பணிகள். வீரச்செயல் எனச் சொல்லத்தக்கது இவற்றுள் ஒன்றும் இல்லை. எனினும் மொழிக் கழகமோ ஆசிரியர் சங்கமோ நடத்திப் பார்த்தவர்க்கு இப்பணியின் அருமை விளங்கும். கூட்டக் குறிப்பு எழுதுவார் இல்லாமையால் மறைந்த சங்கங்கள் நம்மிடையேயும் பல. பேருரைகளால் கூடிய மாநாடுகள் கலைந்து போகாமல் ஆண்டுதோறும் மீண்டும் கூடியதற்கு டுக்கோமனின் எழுத்தர் பணியே பெருங்காரணம் என்று கருத இடமுண்டு. 1902ஆம் ஆண்டுப் பரிசு அவருக்கும், அவர் நாட்டவரும் நாடாளுமன்றங்களிடைப் பணியகத்தின் பொறுப்பாளருமாகிய ஆல்பர்ட் கோபாவுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1906இல் டுக்கோமன் மறைந்த பின் கோபாவே பெர்ன் பணியகத்தின் பொறுப்பையும் ஏற்றார்.

முன்மொழிந்தோரும் பெற்றோரும்

ஆல்ஃபிரட் நோபல் 1895 நவம்பர் 27ஆம் நாள் பாரிஸில் கையெழுத்திட்ட உயில் அமைதிப் பரிசுக்கு மூன்று தகுதிகளைக் கூறுகின்றது. நாடுகளுக்கிடையே உடன்பிறப்புணர்வை வளர்த்தல், நிலைப்படைகளை ஒழித்தல் அல்லது குறைத்தல், அமைதி மாநாடுகளைக் கூட்டுதலும் பரப்புதலும் என்பன அவை. மூன்றாவது தகுதி அக்காலத்தில் நடைமுறையில் இருந்த ஒரு குறிப்பிட்ட பணியையே சுட்டுகின்றது என்பது நோக்கத்தக்கது. 1892இல் பெர்ன் நகரில் நான்காம் உலக அமைதி மாநாடு கூடியபோது நோபல் அங்குச் சென்றிருந்தார். மாநாடுகளின் பயன் குறித்து அவருக்கு ஐயம் இருந்தது. தம் வெடிமருந்து ஆலைகளே மாநாடுகளைவிட விரைவில் போரை முடிவுக்குக் கொண்டுவரக்கூடும் என்று அவர் கூறியதாகப் பெர்த்தா வான் சுட்னர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். ஐயம் கொண்டவரே மாநாடுகளுக்குப் பரிசும் வைத்தார். இதில் முரண் இருப்பினும் சுட்னருடன் அவர் நெடுங்காலம் கொண்டிருந்த கடிதத் தொடர்பை அறிந்தவர்க்கு அது வியப்பளிக்காது.

பரிசு பெறுவோரைத் தெரிவு செய்யும் பொறுப்பு நார்வே நாடாளுமன்றம் நியமிக்கும் ஐவர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நாடாளுமன்றம் இவ்வியக்கத்திற்குப் புறத்தே நின்ற ஒன்றன்று. 1899இல் நாடாளுமன்றங்களிடை ஒன்றியத்தின் மாநாடு நார்வேயின் தலைநகரான கிறிஸ்தியானியாவிலேயே, அஃதாவது இன்றைய ஒஸ்லோவில், நடைபெற்றது. இதனினும் கூர்ந்து நோக்க வேண்டியது முன்மொழியும் உரிமை. தொடக்க விதிகளின்படி அவ்வுரிமை பெற்றோருள் நாடாளுமன்றங்களிடை ஒன்றியத்தினர், பெர்ன் அமைதிப் பணியகத்தின் ஆணையத்தினர், அனைத்துலகச் சட்டக் கழகத்தினர், ஹேக் நடுவர் மன்றத்தினர், முன்னர்ப் பரிசு பெற்றோர் ஆகியோர் அடங்குவர். சில துறைகளின் பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கும் அவ்வுரிமை உண்டு. வரலாறு, சட்டம், மெய்யியல் போன்றன அவை. மொழி, இலக்கியப் பேராசிரியர்களுக்கு அன்றும் இன்றும் அவ்வுரிமை இல்லை என்பதை இவ்விதழின் வாசகர்களுக்காகக் குறித்து வைக்கின்றோம்.

ஆக, யாருக்குப் பரிசு எனப் பரிந்துரைக்கும் உரிமை பெற்ற அமைப்புகளே பின்னர்ப் பரிசையும் பெற்றன. 1901 முதல் 1913 வரை பரிசு பெற்றோர் 17 தனிமனிதரும் இரண்டு அமைப்புகளும் ஆவர். அனைவரும் ஐரோப்பியர் அல்லது அமெரிக்கர். பெண் ஒருவரே. பாசி, டுக்கோமன், கோபா, கிரீமர், சுட்னர், பாயர், ஆல்ஃபிரட் ஃபிரீட், ஹென்றி லா ஃபோந்தேன் என்று பெயர்களை அடுக்கினால், பெர்ன் பணியகத்தையும் நாடாளுமன்றங்களிடை ஒன்றியத்தையும் சுற்றியிருந்த ஒரு நட்பு வட்டமே நம் கண்முன் தோன்றுகின்றது.

இதனை முறைகேடு என்று நாம் கூறவில்லை. அக்காலத்தில் அமைதிக்கென உழைத்தோர் தொகை சிறிது. ஒருவரையொருவர் அறிந்திருந்தமை இயல்பே. கிரீமர் தமக்குக் கிடைத்த பரிசுத் தொகையின் பெரும்பகுதியைத் தம் நடுவர் தீர்ப்புக் கழகத்திற்கே வழங்கினார் என்பதையும் மறத்தலாகாது. ஆயினும், ஒரு வட்டத்தினர் தம்மையே அளவுகோலாகக் கொள்ளும்போது வட்டத்திற்கு வெளியே நிகழ்வது கண்ணில் படுவதில்லை.

வட்டத்திற்குள்ளேயும் கருத்து வேறுபாடு இருந்தது. 1901ஆம் ஆண்டின் முதல் பரிசு பாசிக்கும் செஞ்சிலுவை இயக்கத்தைத் தோற்றுவித்த ஹென்றி டூனாவுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டபோது அமைதி இயக்கத்தினர் சிலர் முகம் சுளித்தனர். காயமுற்ற வீரனுக்கு மருந்திடுதல் அறச்செயலே. ஆயின் அது போரை ஒழிக்குமா, போரைத் தாங்கத்தக்கதாக ஆக்குமா என்பது அவர்கள் எழுப்பிய வினா. இன்றும் அதற்கு முடிந்த விடை இல்லை. 1917, 1944, 1963 என மும்முறை செஞ்சிலுவைக்குப் பரிசு வழங்கியதன் மூலம் நார்வேக் குழு தன் விடையைத் தந்துவிட்டது எனலாம்.

ஒரு புதினம் தரும் சான்று

சுட்னர் 1905ஆம் ஆண்டின் பரிசைப் பெற்றார். அவரை அமைதி இயக்கத்தின் தலைவராக்கியது 1889இல் வெளிவந்த அவரது புதினம். 'ஆயுதங்களைக் கீழே போடுங்கள்' என அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். மார்த்தா என்னும் ஆஸ்திரியப் பிரபுகுலப் பெண் தன் வாழ்க்கையைத் தானே கூறுவதாக அமைந்தது அது. படைத்தலைவரின் மகளாகப் பிறந்து, போர் வீரத்தைப் போற்றி வளர்ந்தவள் அவள். 1859ஆம் ஆண்டுப் போரில் முதல் கணவனை இழக்கின்றாள். இரண்டாம் கணவன் திலிங் படையதிகாரியாக இருந்தும் போரை வெறுப்பவன். 1864, 1866 ஆகிய ஆண்டுகளின் போர்களுக்குச் சென்று உயிருடன் மீள்கின்றான். பின்னர்ப் படைப்பணியைத் துறந்து பாரிஸில் வாழும்போது, பிரெஞ்சு - பிரஷ்யப் போரின் வெறியில், ஒற்றன் என ஐயுற்றுச் சுட்டுக் கொல்லப்படுகின்றான்.

இலக்கிய நோக்கில் இப்புதினத்தில் குறைகள் உள. விருந்து மேசை உரையாடல்கள் நீள்கின்றன. பாத்திரங்கள் சில வேளைகளில் கட்டுரை படிக்கின்றனர். ஆயினும் 1866ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கணவனைத் தேடி மார்த்தா பொகீமியப் போர்க்களத்திற்குச் செல்லும் பகுதியில் விவாதம் ஓய்ந்துவிடுகின்றது. சுட்னர் அதற்கெனப் படை மருத்துவர் குறிப்புகளையும் அறிக்கைகளையும் தேடிப் படித்தவர். அப்போரைத் தொடர்ந்து வந்த வாந்திபேதி நோய் மார்த்தாவின் உடன்பிறந்தோரை ஒருவர் பின் ஒருவராகக் கொண்டு செல்கின்றது. மகன்களைப் போருக்கு அனுப்புவதைப் பெருமையாகக் கருதிய தந்தை, தம் வீட்டிற்குள்ளேயே போரின் விளைவைக் காண்கின்றார். போர் என்பது களத்தோடு முடிவதன்று என்பதை எந்த மாநாட்டுத் தீர்மானத்தையும்விட இப்பகுதி தெளிவாக உணர்த்துகின்றது. அடிமை முறை ஒழிப்புக்கு ஓர் அமெரிக்கப் பெண்ணின் நூல் துணைநின்றது போல இந்நூலும் போரொழிப்புக்குத் துணைநிற்க வேண்டும் என்று தால்ஸ்தாய் 1891இல் சுட்னருக்கு எழுதினார்.

இலக்கியத்திற்கான பரிசு இந்நூலுக்குக் கிட்டவில்லை; அமைதிக்கான பரிசே கிட்டியது. புதினம் முதலில் ஆஸ்திரிய அமைதிச் சங்கமாக மாறியது. பின்னர் அதன் பெயரிலேயே 1892 முதல் 1899 வரை ஓர் இதழ் வெளிவந்தது. அதன் பின்னரே பரிசு. நூல் அமைப்பாக மாறிய பிறகே பரிசுக்குரியதாயிற்று என்பது நம் கருத்து. அம்மாற்றத்தில் ஓர் இழப்பும் உண்டு. புதினத்தின் மார்த்தா அரசர்களையும் அமைச்சர்களையும் நம்புவதில்லை. சங்கத் தலைவியாகிய சுட்னரோ அவர்களை நாடிச் செல்ல வேண்டியவரானார். 1904இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூசவெல்டைச் சந்தித்த அவர், 1906 ஏப்ரல் 18ஆம் நாள் கிறிஸ்தியானியாவில் நிகழ்த்திய ஏற்புரையில் ரூசவெல்டின் அமைதி நாட்டத்தைப் பாராட்டிப் பேசினார். அவ்வுரைக்கு ஆறு வாரங்களுக்கு முன் நம் வட்டாரத்தில் நிகழ்ந்த ஒன்றை இனிக் காண்போம்.

நீரிணையின் இப்பக்கம்

1906 மார்ச் மாதத் தொடக்கத்தில், தென் பிலிப்பீன்சின் ஹோலோ தீவில் உள்ள புட் டாஜோ எரிமலை முகட்டில் தஞ்சம் புகுந்திருந்த மோரோ மக்களை அமெரிக்கப் படை தாக்கியது. பெண்களும் குழந்தைகளும் உட்படக் குறைந்தது 600 பேர் கொல்லப்பட்டனர். படைத்தலைவர் லியனர்ட் வுட்டுக்கு ரூசவெல்ட் வாழ்த்துத் தந்தி அனுப்பினார். அதே ஆண்டு டிசம்பரில், ரஷ்ய - ஜப்பானியப் போரை முடிவுக்குக் கொணர நடுநின்றமைக்காக, அமைதிக்கான நோபல் பரிசு ரூசவெல்டுக்கு வழங்கப்பட்டது. 1912ஆம் ஆண்டுக்குரிய பரிசு எலிஹூ ரூட்டுக்குச் சென்றது. நடுவர் தீர்ப்பு ஒப்பந்தங்களுக்காக உழைத்தவர் அவர். 1899 முதல் 1904 வரை அமெரிக்கப் போர்த்துறைச் செயலாளராக இருந்து பிலிப்பீன்சுப் போரை நிருவகித்தவரும் அவரே.

ஹேக் நகரின் 1899ஆம் ஆண்டு மாநாட்டையும் இவ்வாறே நோக்கலாம். 26 அரசுகள் பங்கேற்ற அம்மாநாடு நிலையான நடுவர் மன்றத்தை உருவாக்கியது. அமைதி அமைப்புகள் அதனைத் தம் பெருவெற்றியாகக் கொண்டாடின. மாநாட்டை வரவேற்ற நெதர்லாந்து அப்போது மலாக்கா நீரிணையின் மறுகரையில் ஆச்சேயுடன் போரிட்டுக் கொண்டிருந்தது. 1873இல் தொடங்கிய போர் அது. மாநாடு தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் ஆச்சேயின் தலைவர் தெய்க்கு உமார் கொல்லப்பட்டிருந்தார். பினாங்கு வணிகர்க்கு அப்போர் அன்றாடச் செய்தி. ஹேக்கில் கூடியோர்க்கு அது ஒரு நாட்டின் உள் விவகாரம்.

இவ்விடத்தில் ஒரு சொல்லாய்வு பொருத்தமாகும். 'சமாதானம்' என்பது நம் முன்னோர் இதழ்களில் மிகுதியாகப் பயின்ற சொல். இன்று 'அமைதி' அதனிடத்தைப் பெற்றுள்ளது. சமாதானம் ஆவதற்கு இரு தரப்பினர் தேவை. அமைதிக்கு அத்தேவை இல்லை. ஒருவர் வாய் அடைக்கப்பட்டாலும் அவ்விடத்தில் அமைதி நிலவும். ஆச்சேயிலும் பிலிப்பீன்சிலும் படையெடுத்த குடியேற்ற அரசுகள் தம் செயலுக்கு 'அமைதிப்படுத்தல்' என்னும் பொருள்படும் சொல்லையே கையாண்டன. தொடக்ககால அமைப்புகள் தேடியது நாடுகளுக்கிடையிலான சமாதானம். நாடு என ஏற்கப்படாத மக்கள் சமாதானத்திற்கு உரியவராகக் கொள்ளப்படவில்லை, அவர்கள் அமைதிப்படுத்தப்பட்டனர்.

சட்டக் கழகத்தின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆப்பிரிக்காவைப் பங்கிட்ட 1884 - 85ஆம் ஆண்டுப் பெர்லின் மாநாட்டை அடுத்து, 1888இல் லோசான் நகரில் கூடிய கழகம் நிலப்பரப்புகளைக் கைக்கொள்ளுதல் பற்றிய ஒரு முன்வரைவை ஏற்றது. கைக்கொள்ளலாமா என்பது அங்கு வினாவாக இல்லை. எம்முறையில் என்பதே வினா. 1909இல் பரிசு பெற்ற அகஸ்ட் பெர்னார், இரண்டாம் லியோபோல்ட் மன்னர் கொங்கோவின் ஆட்சியாளர் ஆவதற்கு 1885இல் பெல்ஜிய நாடாளுமன்றம் இசைவளித்தபோது தலைமை அமைச்சராக இருந்தவர்.

எனினும் கழகத்தை இவ்வொரு கோணத்தில் மட்டும் எடைபோடுதல் நேர்மையாகாது. அதன் நிறுவனருள் முதன்மையான குஸ்தாவ் ரோலின் ஜாக்மின், 1892இல் சயாம் மன்னர் சூலாலங்கோர்னின் தலைமை ஆலோசகராகப் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டே பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் சாவ் பிரயா ஆற்றில் நுழைந்தன. மேக்கோங் ஆற்றின் கிழக்குக் கரையைச் சயாம் இழந்தது. அனைத்துலகச் சட்டத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர் பேங்காக்கிலேயே இருந்தும் பீரங்கிப் படகுகளை அச்சட்டம் தடுக்கவில்லை. ஆனால் சயாமின் சட்டச் சீர்திருத்தத்தில் அவர் ஆற்றிய பங்கு சிறிதன்று. 1899இல் ஹேக் மாநாட்டில் சயாமும் ஓர் அரசாக அமர்ந்திருந்ததை இதனோடு சேர்த்தே காண வேண்டும்.

ஐரோப்பாவுக்கு வெளியே நிகழ்ந்த போர்கள் குறித்து அமைதி இயக்கத்தினர் முற்றிலும் வாய்மூடி இருக்கவுமில்லை. 1907இல் பரிசு பெற்ற இத்தாலியர் எர்னஸ்டோ மோனேட்டா, 1911இல் லிபியாவைக் கைப்பற்ற இத்தாலி தொடுத்த போரை ஆதரித்தபோது பிற நாட்டு அமைதியாளர் பலர் அதிர்ந்து கண்டித்தனர்.

1914

1910இல் பெர்ன் பணியகம் பரிசு பெற்றது. 1 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட சுவீடன் குரோனர் அதன் மதிப்பு. அதுவரை நன்கொடையில் காலம் தள்ளிய ஓர் அலுவலகத்திற்கு அது பெருந்தொகை. அதே ஆண்டில் ஆண்ட்ரூ கார்னெகி தம் அமைதி அறக்கட்டளைக்கு 1 கோடி டாலர் வழங்கினார் என்பதையும் உடன் நோக்கினால் அது எத்துணைச் சிறியது என்பதும் புலப்படும்.

1914 மார்ச் 16ஆம் நாள், பெர்னில் அமைதிக் கூட்டமொன்றில் பேச எழுந்த கோபா மயங்கி விழுந்து மறைந்தார். ஜூன் 21ஆம் நாள் சுட்னர் காலமானார். சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டது அதற்கு ஒரு வாரத்திற்குப் பின். அவ்வாண்டு செப்டம்பரில் வியன்னாவில் கூடவிருந்த உலக அமைதி மாநாடு கூடவே இல்லை. பணியகத்தின் தலைவர் லா ஃபோந்தேன், படையெடுப்புக்கு உள்ளான பெல்ஜியத்தைச் சேர்ந்தவர். உறுப்பினருள் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் இருந்தனர். அவரவர் நாட்டு வழியே அவரவர் பிரிந்தனர். 23 ஆண்டுகளாகக் கடிதங்களால் பின்னிய வலை சில வாரங்களில் அறுந்தது.

அவ்வேளையில் கூடியவர்கள் வேறு சிலர். 1915 ஏப்ரல் இறுதியில் ஹேக் நகரில், போரிடும் நாடுகளும் நடுநிலை நாடுகளும் உட்பட 12 நாடுகளின் பெண்கள் 1,100 பேருக்கு மேல் கூடினர். பெரும்பாலோர் வாக்குரிமை இயக்கத்தினர். அமெரிக்காவின் ஜேன் ஆடம்ஸ் தலைமை வகித்தார். போரை உடனே நிறுத்தி நடுநின்று பேசுமாறு அரசுகளை வேண்டிய அவர்கள், தீர்மானத்தை அஞ்சலில் அனுப்பாமல் தாமே தூதுக்குழுக்களாகத் தலைநகரங்களுக்குச் சென்றனர். போரிடும் நாடுகளின் அமைச்சர்களை நேரில் கண்டு பேசினர். அவ்வமைப்பே பின்னர் அமைதிக்கும் விடுதலைக்குமான அனைத்துலக மகளிர் கழகமாக உருப்பெற்றது. 1931இல் ஆடம்சுக்கும் 1946இல் அதன் செயலாளராக இருந்த எமிலி பால்ச்சுக்கும் பரிசு கிட்டியது. கழகத்திற்குக் கிட்டவில்லை. உயிலின் மூன்றாவது தகுதியை, போரின் நடுவே, இவர்களைப்போல் நிறைவேற்றியவர் எவர் என்று கேட்கத் தோன்றுகின்றது.

போர்க்காலத்தில் வழங்கப்பட்டது ஒரே பரிசு. 1917இல் அது செஞ்சிலுவைக் குழுவுக்குச் சென்றது.

அளவுகோல் மாறிய இடம்

1937இல் நார்வே நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் காந்தியடிகளின் பெயரை முன்மொழிந்தார். குழுவின் ஆலோசகர் யாக்கோப் வோர்ம் முல்லர் அளித்த அறிக்கை ஓர் ஐயத்தை எழுப்பியது. காந்தியின் தென்னாப்பிரிக்கப் போராட்டம் இந்தியருக்காக மட்டுமே நிகழ்ந்தது; அவர்களினும் இழிந்த நிலையில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்காக நிகழவில்லை; எனவே அவருடைய கொள்கைகள் உலகப் பொதுவானவையா என்பது அவ்வையம்.

நேட்டாலின் 1913ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்திலும் சிறைகளிலும் தமிழ்த் தொழிலாளர் ஆற்றிய பங்கைப் பெருமையுடன் கற்பிப்பவர் நாம். தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் நம் பாடங்களில் உண்டு. இருப்பினும் அவ்வையத்தைப் பொய் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. காந்தியின் தென்னாப்பிரிக்கக் காலத்து எழுத்துகளைப் படித்தவர் அதில் உண்மை இருத்தலை ஒப்புவர். நாம் வினவுவது வேறொன்று. 1906இல் ரூசவெல்டின் அமைதி புட் டாஜோ மக்களையும் உள்ளடக்கியதா என்று குழு அளந்து பார்க்கவில்லை. 1909இல் பெர்னாரின் அமைதி கொங்கோவை உள்ளடக்கியதா என்று கேட்கவில்லை. உலகப் பொதுமை என்னும் அளவுகோல் ஓர் ஆசியர் முன்னிலைக்கு வந்தபோதே கையில் எடுக்கப்பட்டது. அளவுகோல் சரியானதே, அது எடுக்கப்பட்ட காலமே நம் விமர்சனத்திற்குரியது.

1947இல் காந்தியின் பெயர் மீண்டும் இறுதிப் பட்டியலில் இருந்தது. இந்தியப் பிரிவினையின் குருதி காயாத ஆண்டு அது. பரிசு குவேக்கர்களின் இரு அமைப்புகளுக்கு, லண்டனின் நண்பர்கள் சேவை மன்றத்திற்கும் அமெரிக்க நண்பர்கள் சேவைக் குழுவிற்கும், சென்றது. இரு போர்களிலும் பகைவர், நண்பர் என்று பாராது பசித்தோர்க்கு உணவளித்தவர்கள் அவர்கள், அத்தகுதியில் ஐயமில்லை. 1816இல் லண்டனில் முதல் சங்கத்தை நிறுவியோரின் மரபினர் 131 ஆண்டுகளுக்குப் பின் பரிசு பெற்றனர்.

முன்னர்ப் பரிசு பெற்றோர்க்கு முன்மொழியும் உரிமை உண்டு என்று மேலே குறித்தோம். அவ்வுரிமையைப் பெற்ற குவேக்கர்கள் அடுத்த ஆண்டே அதனைப் பயன்படுத்தினர். 1948ஆம் ஆண்டுக்கு அவர்கள் முன்மொழிந்தது காந்தியின் பெயரை. எமிலி பால்ச்சும் அவர் பெயரையே முன்மொழிந்தார். முன்மொழிவுக்கான காலம் முடிவதற்குச் சற்று முன், ஜனவரி 30ஆம் நாள், காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். நவம்பரில் கூடிய குழு, தகுந்த உயிருள்ளவர் எவரும் இலர் எனக் கூறி அவ்வாண்டின் பரிசை எவருக்கும் வழங்காது விட்டது. நம் பொது அறிவு நூல்களில் அவ்வாண்டுக்கு எதிரே ஒரு சிறு கோடு மட்டும் இருக்கும்.